அஞ்சுதெங்குக்கு வந்த அலபாமா

சித்தூரிலும் திருப்பதியிலும் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கடைவீதியில் தெலுங்கு பேசி, வீட்டு வாயிற்படி ஏறியதும் தமிழுக்கு மாறிக்கொள்ளும் அக்குடும்பத்துப் பெரியவர்கள், அடங்காத பேரனையோ கண்டிப்பான மாமனாரையோ குறித்து, ‘சரியான எம்டன்’ என்று சொல்லக் கேட்கலாம். கடலை ஆண்டுக்கொருமுறைகூடக் காணாதவர் வாயில் ஒரு போர்க்கப்பலின் பெயர் எவ்வாறு வந்து தங்கிற்று என்பது பலருக்கும் தெரிந்த கதையே. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் கப்பல் இருளில் மறைந்துவிட்டது. பட்டணத்தார் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டு உள்நாட்டுக்கு ஓடினர். அந்த அரை மணி நேரம் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு சொல்லை விட்டுச் சென்றது.

எம்டன் வருவதற்குச் சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, அதே தொழிலைச் செய்த மற்றொரு கப்பல் நம் தென்னாட்டுக் கரையோரம் வந்து நங்கூரமிட்டது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அதன் பெயர் அலபாமா. அது வந்த இடம், கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே கடலோரத்தில் இருக்கும் அஞ்சுதெங்கு. நாள், 1864 ஜனவரி 16. அக்கப்பல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்று போரிட்ட நீராவிக் கப்பல். அமெரிக்கர் தமக்குள் செய்த போருக்கும் மலையாளக் கரைக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வியக்கலாம். அந்தத் தொடர்பைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1861ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து 11 தென்மாநிலங்கள் பிரிந்து தனிக் கூட்டரசு அமைத்துக்கொண்டன. மாநில உரிமை என்றும் வரிக் கொள்கை என்றும் அவர்கள் பல காரணங்கள் கூறியபோதிலும், ஆணிவேர் அடிமை முறையே. பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களைச் சொத்தாக வைத்திருக்கும் வழக்கத்தைக் காப்பாற்றவே அவர்கள் பிரிந்தனர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அலபாமாவின் தளபதியுடைய மதிநுட்பத்தையும் கடலறிவையும் பாராட்டி எழுதியவர் அநேகர். அந்தப் பாராட்டு ஓரளவு தகும். ஆனால் அம்மதிநுட்பம் எதற்குத் தொண்டு செய்தது என்பதை மறந்துவிட்டு அக்கப்பலைப் பற்றிப் பேசுவது முறையன்று.

போர் தொடங்கியதும் வடமாநிலங்களின் கடற்படை தெற்குத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. தெற்கிடம் பருத்தி இருந்தது. கப்பல் கட்டும் பட்டறைகள் போதிய அளவு இல்லை. ஆகவே அவ்வரசு தன் ஆளான ஜேம்ஸ் புல்லக் என்பவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையில், பர்க்கன்ஹெட் என்னும் ஊரில் லேர்டு கம்பெனியாரின் பட்டறையில் ஒரு கப்பலுக்கு அவர் ஏற்பாடு செய்தார். பட்டறைக் கணக்கில் அதற்குப் பெயர் கிடையாது. 290 என்ற எண் மட்டுமே. பிரிட்டன் இப்போரில் நடுநிலை நாடு. போரிடும் அயல்நாட்டாருக்காகப் போர்க்கப்பலை ஆயுதம் பூட்டித் தருவதை அந்நாட்டுச் சட்டமே தடுத்தது. ஆனால் பீரங்கி ஏற்றாத வெறுங்கப்பல் போர்க்கப்பலாகுமா? இந்த இடுக்கில்தான் புல்லக் நுழைந்தார்.

லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதர் பலமுறை முறையிட்டார். சாட்சியங்களையும் திரட்டிக் கொடுத்தார். சட்டக் கருத்துக் கேட்டு அனுப்பப்பட்ட காகிதக் கட்டு, அரசின் சட்ட ஆலோசகரான சர் ஜான் ஹார்டிங் வீட்டில் தங்கிப்போயிற்று. அவர் அப்பொழுது மனநோயால் பீடிக்கப்பட்டிருந்தார்; அது உரியவர்களுக்குத் தெரியவில்லை. கோப்பு மேசையில் கிடக்கக் கப்பல் கடலில் போன கதை, அரசாங்க அலுவலகங்களில் பணிபுரிவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. 1862 ஜூலை 29ஆம் நாள், ஆண்களும் பெண்களுமாக விருந்தினரை ஏற்றிக்கொண்டு, வெள்ளோட்டம் என்ற பெயரில் அக்கப்பல் ஆற்றை விட்டுப் புறப்பட்டது. மாலையில் விருந்தினர் மட்டும் சிறு இழுவைக் கப்பலில் திரும்பி வந்தனர். பிடிக்க உத்தரவு வந்தபோது பிடிப்பதற்கு ஒன்றுமில்லை.

அட்லாண்டிக் பெருங்கடலில் போர்ச்சுகலுக்குரிய அசோர்ஸ் தீவுகளருகே வேறு கப்பல்களில் வந்த பீரங்கிகளும் வெடிமருந்தும் நிலக்கரியும் அதற்கு மாற்றப்பட்டன. ஆகஸ்டு 24ஆம் நாள் அது போர்க்கப்பலாகிப் புதுக்கொடி ஏற்றியது. தளபதி ராஃபேல் செம்ஸ் மேரிலாந்தில் பிறந்தவர். ஐக்கிய நாடுகளின் கடற்படையிலேயே பல்லாண்டு பணியாற்றியவர். கீழ்நிலை மாலுமிகளில் பெரும்பாலார் பிரிட்டிஷ் துறைமுகங்களில் திரட்டப்பட்டவர்கள். தெற்கின் கொள்கை எதுவாயினும் அவர்களுக்குக் கவலையில்லை. சம்பளம் பொன்னாகக் கிடைக்கும் என்பதே அவர்கள் கேட்டது.

220 அடி நீளம், சுமார் 1,050 டன், 8 பீரங்கிகள். எண்ணிக்கையில் பார்த்தால் பெரிய கப்பலன்று. அதன் சிறப்பு அமைப்பில் இருந்தது. நீராவிக் கப்பலுக்கு உள்ள பெரும் குறை நிலக்கரி. கரி தீர்ந்தால் துறைமுகம் தேடியாக வேண்டும். துறைமுகம் சென்றால் பகைவனுக்குச் செய்தி எட்டும். அலபாமாவோ முழுப் பாய்மரக் கப்பலாகவும் இயங்க வல்லது. அதன் சுழல்விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளலாம், புகைபோக்கியைத் தாழ்த்திவிடலாம். தூரத்திலிருந்து நோக்குபவர் கண்ணுக்கு அது யாதோ ஒரு வணிகக் கப்பலாகவே தோன்றும். கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் கருவியும் இருந்தது. உணவுக்கோ குறைவில்லை, பிடிபடும் கப்பல்களே பண்டசாலை. ஆகையால் மாதக்கணக்கில் கரை காணாமல் திரிய அதனால் முடிந்தது.

அதன் வேலை முறை ஏறக்குறைய எப்பொழுதும் ஒன்றுதான். கப்பல் செல்லும் தடத்தில் காத்திருக்கும். பாய் தெரிந்தால் ஆங்கிலக் கொடியையோ வடவரின் கொடியையோ ஏற்றிக்கொண்டு நெருங்கும். பக்கத்தில் வந்ததும் அக்கொடியை இறக்கித் தன் கொடியை ஏற்றி, குண்டில்லாத வெடி ஒன்றை வெடிக்கும். எதிர்க்கப்பலின் தலைவன் தன் தாள்களுடன் அலபாமாவுக்கு வந்து செம்ஸ் முன் நிற்பான். கப்பலும் சரக்கும் வடவருக்குரியவை என்று கண்டால், மாலுமிகளையும், உணவுப் பொருளையும், நேரம் காட்டும் கடற்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு கப்பலுக்குத் தீ வைத்துவிடுவார்கள். கைப்பற்றிய கப்பலைத் துறைமுகம் கொண்டுபோய் விற்பதே பழைய வழக்கம். ஆனால் தெற்குத் துறைமுகங்களை வடவர் மூடிவிட்டனர். பிரிட்டன் தன் துறைமுகங்களில் பிடித்த கப்பல்களைக் கொண்டுவரக் கூடாது என்று விதித்துவிட்டது. எனவே எரிப்பதே எஞ்சிய வழி. வணிகக் கப்பல்களைப் பிடித்த அந்நிகழ்ச்சிகளில் உயிர்ச்சேதம் எதுவும் இல்லை என்பதைச் செம்ஸின் பகைவரும் ஒப்புக்கொண்டனர்.

அசோர்ஸில் தொடங்கி அமெரிக்கக் கரைவரை, பின் பிரேசில் கரையோரம், அங்கிருந்து நன்னம்பிக்கை முனை. 1863 ஜனவரியில் டெக்சாஸ் கரையருகே ஹட்டராஸ் என்ற வடவரின் போர்க்கப்பலைச் சுமார் 13 நிமிடச் சண்டையில் மூழ்கடித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கேப்டவுன் மக்கள் கரையில் கூடிநிற்க, அவர்கள் கண்ணெதிரே ஓர் அமெரிக்கக் கப்பலைப் பிடித்தது. அங்குள்ள மலாய் மக்கள் அலபாமா வருவதைப் பற்றிப் பாடும் பாட்டு இன்றும் வழங்குகிறது. தமிழன் எம்டனைச் சொல்லாக்கியது போல் அவர்கள் அலபாமாவைப் பாட்டாக்கினர்.

பின்பு இந்துமாக்கடல். சுந்தா நீரிணையருகே சில கப்பல்களை எரித்துவிட்டு, 1863 டிசம்பர் 21ஆம் நாள் சிங்கப்பூர் வந்து நிலக்கரி ஏற்றியது. அக்காலத்தில் சிங்கப்பூர் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டது. 1867இல்தான் இந்திய அரசின் கையை விட்டுப் போயிற்று. ஆக, அலபாமா இந்திய அரசின் எல்லைக்குள் நுழைந்தது அங்கேதான். துறைமுகத்தில் செம்ஸ் கண்ட காட்சி அவருக்கே நிறைவளித்தது. 22 அமெரிக்கக் கப்பல்கள் பயணத்தை நிறுத்திவிட்டு அங்கே முடங்கிக் கிடந்ததாக அவர் கணக்கிட்டார். அவற்றை அவர் தொடவில்லை. தொடவும் முடியாது, அது நடுநிலைத் துறைமுகம். ஆனால் தொட வேண்டிய தேவைதான் என்ன? அஞ்சி நின்ற கப்பல் எரிந்த கப்பலைப் போன்றே சரக்கு ஏற்றாது.

டிசம்பர் 24ஆம் நாள் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியதும் மலாக்கா நீரிணையில் மார்த்தபான் என்ற கப்பல் எதிர்ப்பட்டது. ஆங்கிலக் கொடி, தாள்களும் ஆங்கிலத் தாள்களே. பர்மாவின் மோல்மேனில் அரிசி ஏற்றி வந்தது. ஆனால் அதன் வடிவமும் வண்ணமும் அமெரிக்கத் தச்சர் கைவண்ணம் என்று செம்ஸுக்குப் பட்டது. விசாரித்ததில், அதன் பழைய பெயர் டெக்சன் ஸ்டார் என்பதும், சில நாள்களுக்கு முன்பே மோல்மேனில் பெயரும் பதிவும் மாற்றப்பட்டன என்பதும் வெளியாயின. கப்பல் எரிந்தது, அரிசியும் எரிந்தது. இரண்டு நாள் கழித்து அதே நீரிணையின் மேற்கு வாயிலில் நங்கூரமிட்டிருந்த இரு பெரிய கப்பல்களும் அதே கதியடைந்தன.

அதன்பின் இலங்கையைச் சுற்றிக்கொண்டு அலபாமா மேற்குக் கரைக்கு வந்தது. 1864 ஜனவரி 14ஆம் நாள் மலையாளக் கரைக்கு அப்பால் எம்மா ஜேன் என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்தது. மெயின் மாநிலத்தைச் சேர்ந்த அக்கப்பல் பம்பாயிலிருந்து பர்மாவின் ஆம்ஹர்ஸ்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் சரக்கு ஒன்றும் இல்லை. கடலில் ஆடாமல் நிற்பதற்கு வேண்டிய அடிப்பாரம் மட்டுமே இருந்தது.

இந்த ஒரு செய்தியில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பருத்தியில் ஐந்தில் நான்கு பங்கு தென் அமெரிக்க மாநிலங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. வடவரின் முற்றுகையால் அது நின்றவுடன் ஆலைக்காரர்கள் இந்தியாவை நோக்கினர். திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடி வழியாகவும், குஜராத், பேரார் பருத்தி பம்பாய் வழியாகவும் போயின. பம்பாயில் பணம் வெள்ளமாய்ப் புரண்ட காலம் அது. கப்பலில் இடம் கிடைக்காதா என்று வணிகர் அலைந்த காலம். அத்தகைய நாளில், அத்தகைய துறைமுகத்திலிருந்து, ஒரு பெரிய கப்பல் வெறுமையாய்ப் புறப்பட்டது ஏன்? காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணம் மிகுதி. சரக்கை அதில் ஏற்றி உறக்கமிழக்க எந்த வணிகரும் விரும்பவில்லை. எம்மா ஜேனைச் செம்ஸ் எரிப்பதற்கு முன்பே அதன் பிழைப்பை அவர் பெயர் எரித்துவிட்டது.

ஜனவரி 16ஆம் நாள் அலபாமா அஞ்சுதெங்கை அடைந்து, எம்மா ஜேனின் மாலுமிகளை அங்கே கரையிறக்கியது. ஐந்து தென்னை என்று பொருள்படும் பெயருடைய அச்சிற்றூர், திருவிதாங்கூர் சூழ, ஆங்கிலேயர் வசமிருந்த சிறு துண்டு நிலம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மிளகு வாணிபத்துக்காகக் கட்டிய கோட்டை இன்றும் அங்கே நிற்கிறது. கம்பெனிப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் 1728இல் பிறந்த ஊரும் அதுவே. கம்பெனிக் காலத்துப் பெருமை மங்கிக் கட்டுமரமும் தென்னையுமாக இருந்த அவ்வூருக்கு, எங்கோ நடந்த அமெரிக்கப் போரின் கைதிகள் வந்து இறங்கினர். அலபாமா மறுபடி பாய் விரித்துக் கொமொரோ தீவுகளை நோக்கிச் சென்றது. இந்தியக் கரைக்கு அது திரும்பவில்லை.

ஏறக்குறைய 22 மாதங்களில் அது பிடித்த கப்பல்கள் சுமார் 65. ஆனால் உண்மையான சேதம் அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது. தெற்கின் கப்பல்கள் எல்லாமாகச் சேர்ந்து அழித்தவை சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் டன். அஞ்சிய உரிமையாளர்கள் அயல்நாட்டாருக்கு விற்றும் கொடி மாற்றியும் அமெரிக்காவுக்கு இழப்பாக்கியவை சுமார் 8 லட்சம் டன். எரித்தது ஒரு பங்கென்றால் அச்சம் ஓட்டியது ஏழு பங்குக்கு மேல். அமெரிக்க வணிகக் கப்பற்படை நெடுங்காலம் பழைய நிலைக்கு மீளவில்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் சில கப்பல்கள் தாக்கப்பட்டவுடன், நூற்றுக்கணக்கான கப்பல்கள் சூயஸ் வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றதையும் ஏற்றுமதிச் செலவு உயர்ந்ததையும் நேயர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இப்போரின் வெப்பம் கடலோரத்தோடு நிற்கவில்லை. பருத்தி விலை ஏற்றம் பயிரிட்டவனுக்கும், அவனைவிட மிகுதியாகத் தரகனுக்கும் ஆதாயம். பஞ்சையும் நூலையும் விலைக்கு வாங்கித் தறியில் போடுபவனுக்கு அதுவே இடி. அன்று சித்தூர் வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகரம். இன்று நகரியிலும் புத்தூரிலும் தறி ஓசை கேட்கும் தெருக்களில் வாழ்வோருக்கு, நூல் விலை உயர்ந்தால் அடுப்பு எவ்வாறு தணியும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. இது முற்றுகையின் விளைவேயன்றி அலபாமாவின் செயலன்று என்பது மெய்தான். ஆயினும் போரை நீட்டிக்க அது செய்த ஒவ்வொரு நாள் வேலையும் அவ்விலையை நீட்டிக்கவும் உதவிற்று. 1865இல் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்து, பம்பாயில் பல நிறுவனங்கள் கவிழ்ந்தன.

அக்கப்பலில் இருந்த ஒருவரை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. 1862 அக்டோபரில் டோனவாண்டா என்ற கப்பலைப் பிடித்தபோது, அதில் பயணம் செய்த டேவிட் வைட் என்னும் கறுப்பின இளைஞரை அடிமை என்று கூறிச் செம்ஸ் தம் கப்பலிலேயே வைத்துக்கொண்டு பணியாளாக்கினார். அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்று தம் நூலில் எழுதியும் வைத்தார். அந்த இளைஞர் எழுதிவைத்தது எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

1864 ஜூனில் பழுதுபார்ப்பதற்காக அலபாமா பிரான்சின் செர்பூர்க் துறைமுகத்துக்குள் நுழைந்தது. செய்தியறிந்து வடவரின் கியர்சார்ஜ் என்ற போர்க்கப்பல் வெளியே வந்து காத்து நின்றது. ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை, கரையில் மக்கள் திரண்டு நிற்க இரண்டும் பொருதின. வட்டமிட்டுக்கொண்டே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் சுட்டுக்கொண்டன. நெடுநாள் கடலில் கிடந்த அலபாமாவின் வெடிமருந்து வலிமை இழந்திருந்தது. கியர்சார்ஜின் பின்புறக் கட்டையில் பாய்ந்த ஒரு குண்டு வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்பர். அலபாமா மூழ்கியது. செம்ஸை ஓர் ஆங்கில உல்லாசப் படகு காப்பாற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. டேவிட் வைட்டுக்கு நீந்தத் தெரியாது. அவர் மூழ்கி இறந்தார்.

போர் முடிந்தபின் அமெரிக்கா ஒரு கேள்வியை எழுப்பியது. கப்பலைக் கட்டியது உங்கள் பட்டறை. தடுக்கத் தவறியது உங்கள் அரசு. நட்டத்துக்கு யார் பொறுப்பு? இரு நாடுகளுக்கும் இடையே மறுபடி போர் மூளுமோ என்று அஞ்சும் அளவுக்கு இது முற்றியது. முடிவில் 1871இல் வாஷிங்டனில் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, வழக்கு ஐவர் அடங்கிய நடுவர் மன்றத்துக்கு விடப்பட்டது. இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரேசில் நாட்டவர் மூவரும் வழக்காடிய இரு நாட்டவரும் அதில் அமர்ந்தனர். நடுநிலை நாடு ‘உரிய கவனம்’ செலுத்திற்றா என்பதே வழக்கின் உயிர்நாடி. மொழிபெயர்ப்பை தொழிலாகக் கொண்டவனுக்கு இவ்விரு சொற்கள் அறைகூவலாகவே தோன்றும். எவ்வளவு கவனம் உரிய கவனம்? சட்டப் புத்தகத்தில் உள்ள அளவா, நேரக்கூடிய தீங்குக்கு ஏற்ற அளவா? மன்றம் பின்னதையே ஏற்றது. 1872 செப்டம்பர் 14ஆம் நாள் ஜெனீவா நகர மண்டபத்தில் தீர்ப்புக் கூறப்பட்டது. பிரிட்டன் 1 கோடியே 55 லட்சம் டாலர் பொன்னாகக் கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ் நடுவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். பிரிட்டிஷ் அரசோ பணத்தைச் செலுத்திவிட்டது. அக்காலத்தின் முதற்பெரும் வல்லரசு, தோட்டா ஒன்றும் சுடப்படாமல், ஒரு தீர்ப்புத் தாளுக்குத் தலைவணங்கிற்று என்பது சிறிய செய்தியன்று. பன்னாட்டு வழக்குகளை நடுவரிடம் விடும் முறைக்கு இத்தீர்ப்பையே முன்மாதிரியாகக் காட்டுவர். அந்த அறைக்கு அலபாமா அறை என்றே பெயர்.

ஆனால் எரிந்த கப்பலுக்கும் சரக்குக்கும் விலை மதித்த மன்றம், அச்சத்துக்கு விலை மதிக்கவில்லை. உயர்ந்த இன்ஷூரன்ஸ் கட்டணம், கொடி மாறிய கப்பல்கள், நீண்டுபோன போர் ஆகிய மறைமுக நட்டங்களை அது கணக்கில் சேர்க்க மறுத்தது. இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் ஒரு பகுதியை, மீந்த தொகையிலிருந்து அமெரிக்க அரசே பிற்காலத்தில் உரியவர்களுக்குக் கொடுத்தது. மலாக்கா நீரிணையில் எரிந்த அரிசிக்கும், வட ஆர்க்காட்டுத் தறிகளில் ஏறிய நூல் விலைக்கும் ஜெனீவாவில் வாதாட எவரும் செல்லவில்லை.

செம்ஸ் 1877இல் அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் காலமானார். கப்பலின் உடலை 1984இல் பிரெஞ்சுக் கடற்படையினர் செர்பூர்க் அருகே சுமார் 200 அடி ஆழத்தில் கண்டுபிடித்தனர். பீரங்கிகளும் மணியும் மேலே கொண்டுவரப்பட்டன. ஒரு பீரங்கியில் படிந்திருந்த கெட்டிப்பை நீக்கியபோது மனிதத் தாடை எலும்பொன்று அகப்பட்டது. யாருடையது என்று கூறமுடியாத அந்த எலும்பை 2007ஆம் ஆண்டில் மொபீலில் அடக்கம் செய்தனர்.